கார் பேரம், எக்ஸ்டெண்டட் வாரண்டி: வாசகர் கேள்வி – பதில்

புதுக் கார் வாங்குவது பற்றி வந்த கடிதங்களிலிருந்து இந்த இதழுக்கு ஒன்பது கேள்விகளை எடுத்திருக்கிறோம். வரி, பதிவுக் கட்டணம் பற்றிய விவரங்கள் தமிழ்நாட்டில் பதிவாகும் சொந்த உபயோகக் கார்களுக்கானவை.

ஷோரூம் விலை 8,75,000 ரூபாய் உள்ள பெட்ரோல் காருக்கு ஆன்ரோடு விலை 11,10,450 என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். கெஞ்சிக் கேட்டதில் 15,000 குறைப்பதாகச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? கொட்டேஷன் நகல் இணைத்திருக்கிறேன்.
– துணிக்கடை உரிமையாளர், திண்டுக்கல்

ஒப்புக்கொள்ள வேண்டாம். 15,000 என்ற தள்ளுபடியை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் கொட்டேஷனில் உள்ள ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பாருங்கள். நகலில் இருப்பவை: ஷோரூம் விலை 8,75,000, ஆயுள் வரி 1,13,750, ஆர்டிஓ செலவு 9,800, இன்ஷூரன்ஸ் 48,600, ஹேண்ட்லிங் 8,500, ஃபாஸ்டேக் 600, அக்சஸரீஸ் கிட் 24,900, டெஃப்லான், அண்டர்பாடி கோட்டிங் 11,500, எக்ஸ்டெண்டட் வாரண்டி (கம்பெனியின் அடிப்படை வாரண்டி முடிந்த பிறகும் தொடரும் நீட்டிப்பு) 17,800.

ஆயுள் வரி சரி. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு 13 சதவீதம். அதில் பேசுவதற்கு இடமில்லை.

ஆர்டிஓ செலவில் இடம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 600 ரூபாய், கடனில் வாங்கினால் ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) வங்கிப் பெயரைச் சேர்க்க 1,500, ஸ்மார்ட் கார்டுக்கு 200. சாலைப் பாதுகாப்பு வரி, தபால் செலவு எல்லாம் சேர்த்தாலும் ஐந்தாயிரத்தை ஒட்டித்தான் வரும். நம்பர் பிளேட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாராகும் கார்களுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைக் கம்பெனியே தர வேண்டும். அதன் விலை காரின் விலைக்குள் அடக்கம். 'ஆர்டிஓவில் கட்டும் ரசீதைக் காட்டுங்கள், அதில் உள்ள தொகையைத் தருகிறேன்' என்று சொல்லுங்கள். வரியும் கட்டணமும் ஆன்லைனில் கட்டப்படுவதால் ரசீது கட்டாயம் இருக்கும்.

ஹேண்ட்லிங் என்ற 8,500 ரூபாயை நீங்கள் கட்டியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கார்களை நிறுத்தி வைக்கும் யார்டிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவரும் செலவு என்பார்கள். அது டீலருக்குக் கிடைக்கும் மார்ஜினில் அடங்க வேண்டிய செலவு. 'இதை வரியோடு பில்லில் தனி வரியாகப் போட்டுக் கொடுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே இறங்கிவிடுவார்கள்.

அக்சஸரீஸ் கிட்டைப் பட்டியலாகக் கேளுங்கள். ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப், சீட் கவர், டோர் வைசர், கார் கவர் என்று ஏழெட்டு பொருள் இருக்கும். தேவையான இரண்டை மட்டும் எடுங்கள். சீட் கவரில் மட்டும் எச்சரிக்கை: சைடு ஏர்பேக் முன் சீட்டின் பக்கவாட்டுக்குள்ளிருந்து விரிவது. அந்த இடத்தில் பிரியும்படி தைத்த கவராக இல்லாவிட்டால், விபத்தில் ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தில் கவர் தடுத்துவிடும். இலவசமாகக் கொடுத்தாலும் சாதாரணக் கவரைப் போடாதீர்கள்.

அண்டர்பாடி கோட்டிங், அதாவது காரின் அடிப்பாகத்தில் அடிக்கும் பூச்சைப் பொறுத்தவரை, பாடியை முழுவதுமாகத் துருத்தடுப்பு பிரைமரில் முக்கியெடுத்த பிறகுதான் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கிறார்கள். கடலோரத்தில் காரை நிறுத்துபவர்களுக்கு மேற்பூச்சு உதவும். திண்டுக்கல்லில் அவசரப்பட வேண்டியதில்லை. அதோடு, கவனமில்லாமல் அடித்தால் கதவுக்கு அடியிலும் அதன் கீழே உள்ள சட்ட விளிம்பிலும் (சில்) தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகள் அடைபடும். துருவைத் தடுக்க அடித்ததே உள்ளே தண்ணீரைத் தேக்கித் துருவை வரவழைக்கும்.

இன்ஷூரன்ஸை 48,600 என்றே வைத்துக்கொண்டு, ஆர்டிஓ செலவை 5,000 ஆக்கி, ஹேண்ட்லிங், கிட், கோட்டிங், வாரண்டி நான்கையும் எடுத்துவிட்டால் மொத்தம் 10,42,950. அதாவது 67,500 ரூபாய் கீழே வந்துவிட்டது. காரின் விலையில் டீலர் இன்னும் ஒரு ரூபாய்கூடத் தள்ளவில்லை. உங்கள் பேரத்தை இந்தத் தொகையிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஆரம்பிக்கும் முன் மதுரை, திருச்சியிலும் இதே மாடல், இதே வேரியண்ட், இதே நிறத்துக்குக் கொட்டேஷன் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது, டீலரின் பெயர் போட்ட தாளில், காரின் தயாரிப்பு மாதத்தோடு வேண்டும். பேசும்போது 'கேஷ் டிஸ்கவுண்ட் எவ்வளவு, கார்ப்பரேட் டிஸ்கவுண்ட் எவ்வளவு, எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு' என்று தனித்தனியாகக் கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னால் எது கம்பெனி கொடுப்பது, எது டீலர் கொடுப்பது என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். கம்பெனி தருவது எல்லா டீலரிடமும் ஒன்றுதான். பேசிக் குறைக்க முடிவது டீலரின் பங்கைத்தான்.

9.95 லட்சம், 10.10 லட்சம் என்று இரண்டு வேரியண்ட்களுக்கு இடையே குழப்பம். பதினைந்தாயிரம்தானே வித்தியாசம், மேல் வேரியண்டை எடுங்கள் என்கிறார் சேல்ஸ்மேன்.
– தனியார் கல்லூரிப் பேராசிரியை, நாமக்கல்

வித்தியாசம் பதினைந்தாயிரம் அல்ல. 10 லட்சத்தைத் தாண்டினால் ஆயுள் வரி 13 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகிறது. அதுவும் முழு விலைக்கும். 9,95,000க்கு வரி 1,29,350. 10,10,000க்கு 1,81,800. வரியில் மட்டும் 52,450 கூடுதல். விலையையும் சேர்த்தால் 67,450 அதிகம் கொடுக்கிறீர்கள். கூடுதல் வசதிகள் அந்தத் தொகைக்குத் தகுமா என்று பார்த்து முடிவெடுங்கள். 20 லட்சத்தைத் தாண்டும்போதும் இப்படி ஒரு படி இருக்கிறது, அங்கே 20 சதவீதம்.

10 லட்சத்துக்கு மேல் போனால் டீலர் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார். இது செலவுக் கணக்கில் வராது. உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். பில்லில் பான் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து தவறினாலும் அந்தத் தொகை உங்கள் கணக்குக்கு வராது.

பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேசுபவர்களும் இருக்கிறார்கள் என்பதால் இதையும் சொல்கிறோம்: 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்குள்ளும், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள்ளும், டீசல் என்றால் 1,500 சிசிக்குள்ளும் இருக்கும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம், தனியாக செஸ் இல்லை.

மார்கழியில் கார் எடுக்கக்கூடாது என்கிறார் மாமியார். டிசம்பரில்தான் ஆஃபர் அதிகம் என்கிறார் என் கணவர். எப்போது வாங்குவது லாபம்?
– இல்லத்தரசி, விழுப்புரம்

இருவர் சொல்வதையும் காப்பாற்ற வழி இருக்கிறது. ஆண்டு முடிவதற்குள் அந்த வருடத் தயாரிப்பை விற்றுத் தீர்க்க வேண்டிய நெருக்கடி டிசம்பரில் கம்பெனிகளுக்கு வரும். அதே நேரம் நம் ஊரில் மார்கழி என்பதால் ஷோரூமில் கூட்டம் குறையும். தமிழ்நாட்டில் பேரம் பேச இதைவிட நல்ல காலம் கிடையாது, அடுத்தது ஆடி. ஆயுத பூஜை, தீபாவளி, தை மாதம் எல்லாம் வரிசையில் நின்று வாங்கும் காலம், டீலருக்கு இறங்கிவர அவசியமே இருக்காது.

பில்லும் பதிவும் டிசம்பரில் முடியட்டும், காரைத் தை பிறந்ததும் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். ஆனால் மூன்றைக் கவனியுங்கள். டிஸ்கவுண்ட் பில் போடும் மாதத்துக்கு உரியது. டிசம்பரில் புக் செய்து ஜனவரியில் பில் போட்டால் டிசம்பர் ஆஃபர் கிடைக்காது. புக்கிங் படிவத்தின் பின்பக்கம் 'டெலிவரி நாளன்று உள்ள விலையே பொருந்தும்' என்று பொடி எழுத்தில் இருக்கும், ஜனவரியில் விலையேற்றம் வந்தால் அதையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். அதனால் பில்லை டிசம்பரிலேயே முடியுங்கள். மூன்றாவது, டீலரிடம் நிற்கும் நாட்களில் காருக்கு என்ன ஆனாலும் அவரே பொறுப்பு என்று கடிதம் வாங்குங்கள்.

காத்திருப்புப் பட்டியல் உள்ள மாடலுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அங்கே அக்சஸரீஸையும் ஹேண்ட்லிங்கையும் நீக்கவைத்தாலே பெரிது.

இன்ஷூரன்ஸை வெளியில் எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது, டிஸ்கவுண்டும் தர முடியாது என்கிறார் டீலர். உண்மையா?
– மின்வாரிய ஊழியர், கடலூர்

எந்த நிறுவனத்தில் பாலிசி எடுப்பது என்பது உங்கள் உரிமை. தன்னிடம்தான் எடுக்க வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்த முடியாது. கேஷ்லெஸ் (பழுதுச் செலவை இன்ஷூரன்ஸ் நிறுவனமே நேரடியாகக் கட்டுவது) என்பது அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான ஏற்பாடு. பாலிசியை யார் விற்றார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் நெட்வொர்க் காரேஜ் பட்டியலில் உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

புதுக் காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு (நம் காரால் மற்றவருக்கு வரும் இழப்புக்கானது) கட்டாயம். சொந்த சேதத்துக்கான காப்பீட்டை ஓராண்டுக்கு எடுத்தால் போதும். மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது, எல்லா நிறுவனத்திலும் ஒரே தொகைதான். 2022 ஜூன் அட்டவணைப்படி 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள புதுக் காருக்கு மூன்றாண்டுக்கு 10,640 ரூபாய். ஆகவே இரண்டு கொட்டேஷன்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் முழுவதும் சொந்த சேத பிரீமியத்திலும் கூடுதல் கவர்களிலும்தான் இருக்கும். ஐடிவி தொகையும் (கார் முழுச் சேதமானால் கிடைக்கும் அதிகபட்சத் தொகை) கவர்களும் ஒன்றாக இருக்கும்படி வைத்து ஒப்பிடுங்கள். ஐடிவியைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறைவாகத் தெரியும். கார் முழுச் சேதமானாலோ திருடுபோனாலோதான் அது கடிக்கும்.

பழைய கார் வைத்திருந்தால், க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கான என்சிபி (நோ க்ளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி) உங்களுடையது. அது காரோடு போகாது. பழைய காரை விற்றதும் அதன் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் என்சிபி சான்றிதழ் வாங்கிவிடுங்கள், மூன்றாண்டு வரை செல்லும். அதிகபட்சம் 50 சதவீதம், சொந்த சேத பிரீமியத்தில் மட்டும் கழியும். டீலர் தானாக முன்வந்து இதைக் கேட்க மாட்டார்.

8 லட்சம் கடனுக்கு டீலர் மூலம் 6 சதவீத ஃப்ளாட் வட்டி, 5 ஆண்டு. என் வங்கியில் 9 சதவீதம் என்கிறார்கள். டீலர் சொல்வதுதானே குறைவு?
– விசைத்தறி உரிமையாளர், ஈரோடு

வங்கி சொல்வதுதான் குறைவு. ஃப்ளாட் வட்டியில் நீங்கள் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் ஐந்தாண்டும் முழு 8 லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள். வட்டி 2,40,000, மாதத் தவணை 17,333. இதைக் குறையும் நிலுவைக் கணக்கில் மாற்றினால் ஏறக்குறைய 10.85 சதவீதம். வங்கியின் 9 சதவீதத்தில் தவணை 16,607 ரூபாய். ஐந்தாண்டில் 43,500 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

கடன் கொடுப்பவர் முக்கிய விவரத்தாள் ஒன்றைத் தர வேண்டும் என்பது 2024 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. அதில் எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டுச் சதவீதம் இருக்கும். இரண்டு இடத்திலும் அந்தத் தாளை வாங்கி அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

டெலிவரிக்கு முன் காரில் என்னென்ன பார்க்க வேண்டும்?
– பொறியியல் மாணவர், திருநெல்வேலி

'எப்போது' என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்: பதிவுக்கு முன்னால். உங்கள் பெயரில் பதிவாகிவிட்ட காரில் குறை கண்டுபிடித்தால் டீலர் சரிசெய்து தருவாரே தவிர மாற்றித் தர மாட்டார். சேசிஸ் எண்ணை (காரில் பதித்திருக்கும் அடையாள எண்) எழுதி வாங்கிக்கொண்டு, யார்டுக்குப் பகலில் போங்கள். ஷோரூம் விளக்கில் பெயின்ட் குறை தெரியாது.

பானெட்டைத் திறந்து கீல்களிலும் ஃபென்டரிலும் உள்ள போல்ட்களைப் பாருங்கள். போல்ட் தலையில் பெயின்ட் முழுசாக இருக்க வேண்டும். ஸ்பேனர் பட்ட தடம், உரிந்த விளிம்பு இருந்தால் அந்தப் பகுதியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். லாரியில் வரும்போது அடிபட்ட காராக இருக்கலாம். கதவு ரப்பர் பீடிங்கை லேசாக விலக்கிப் பாருங்கள், மறு பெயின்ட் அடித்திருந்தால் மாஸ்கிங் டேப் ஒட்டிய கோடு அங்கேதான் தெரியும். பக்கவாட்டில் சாய்ந்து நின்று பார்த்தால் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளில் நிறம் ஒத்துப்போகிறதா என்று கண்டுகொள்ளலாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3725 என்றால் 2025ஆம் ஆண்டின் 37ஆவது வாரம். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். கார் தயாரான மாதமும் ஆண்டும் விற்பனைச் சான்றிதழான படிவம் 21இல் இருக்கும், பிறகு ஆர்சியிலும் வரும். சேசிஸ் எண்ணின் பத்தாவது எழுத்தும் பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கும்: ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026. போன வருடத் தயாரிப்பு என்றால் மறுவிற்பனையில் ஓராண்டு பழையதாகவே கணக்கிடுவார்கள். அதற்கேற்ற தள்ளுபடி இல்லாமல் எடுக்காதீர்கள். மாதக்கணக்கில் யார்டில் நின்ற கார் என்றால் பேட்டரி இறங்கியிருக்கும், டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும்.

இக்னிஷனைப் போட்டதும் எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிந்து, ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கும் குறைதான். பிறகு பவர் விண்டோ, ஏசி, ரிவர்ஸ் கேமரா, இரண்டு சாவி. ஃப்ளோர் கார்ப்பெட்டுக்கு அடியில் கைவைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மீதிப் பணம் இதற்குப் பிறகுதான். கம்பெனி வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், சேல்ஸ்மேனின் சொந்த யுபிஐக்கு ஒரு ரூபாய் கூட வேண்டாம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்தில் தடை.

எக்ஸ்டெண்டட் வாரண்டியை இன்றே எடுக்காவிட்டால் பிறகு கிடைக்காது என்று டெலிவரி அன்று வற்புறுத்துகிறார்கள். எடுப்பது அவசியமா? வருடத்துக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டுவேன்.
– மருந்து விற்பனைப் பிரதிநிதி, கோவில்பட்டி

பிறகு கிடைக்காது என்பது தவறு. கம்பெனியின் அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எடுக்கலாம். நாள் ஆக ஆக விலை படிப்படியாக ஏறும், அவ்வளவுதான். முதல் படி எத்தனை நாள் வரை என்று கம்பெனியின் கஸ்டமர் கேரில் கேட்டு, அந்தக் கெடுவுக்குள் நிதானமாக முடிவு செய்யுங்கள். அதே கம்பெனியின் எந்த டீலரிடமும் எடுக்கலாம் என்பதால் இதிலும் விலை கேட்டுப் பார்க்கலாம்.

உங்கள் விஷயத்தில் முதலில் கிலோமீட்டர் கணக்கு. மாருதி சுசுகியை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலையிலிருந்து அடிப்படை வாரண்டி 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. நீட்டிப்பு நான்காம் ஆண்டுக்கு 1.2 லட்சம், ஐந்தாம் ஆண்டுக்கு 1.4 லட்சம், ஆறாம் ஆண்டுக்கு 1.6 லட்சம் கிலோமீட்டர் வரை. உங்கள் ஓட்டத்தில் 1.4 லட்சம் நான்கு வருடம் எட்டு மாதத்தில் வந்துவிடும், ஏறக்குறைய முழுப் பயனும் கிடைக்கும். ஆறாம் ஆண்டுக்கானது ஐந்து வருடம் நான்கு மாதத்திலேயே தீர்ந்துவிடும்; எட்டு மாதத்துக்கு வீணாகப் பணம் கட்டியதாக ஆகும். ஆகவே உங்களுக்கு ஐந்தாண்டு வரை போதும். கிலோமீட்டர் வரம்பே இல்லாத வாரண்டி தரும் கம்பெனிகளும் உண்டு. உங்களைப் போல ஓடுபவர்கள் கார் தேர்வு செய்யும்போதே அதைப் பார்க்க வேண்டும்.

வருடத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் ஒருவர், சாதாரண மேனுவல் கியர் பெட்ரோல் காரை நான்கு வருடத்தில் விற்றுவிடுவார் என்றால் நீட்டிப்பு அவருக்குத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ, பெரிய டச் ஸ்க்ரீன், எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்று எலக்ட்ரானிக் சமாச்சாரம் நிறைந்த காரை ஆறேழு வருடம் வைத்துக்கொள்பவர் கட்டாயம் எடுக்க வேண்டும். இந்தப் பாகங்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பது அரிது, முழு யூனிட்டாகவே மாற்றுவார்கள். ஏசி கம்ப்ரஸரோ ஸ்டீயரிங் மோட்டாரோ ஒன்று போனாலே கட்டிய பணம் பெரும்பாலும் ஈடாகிவிடும்.

எதெல்லாம் இதில் வராது என்பதைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர், பல்பு, ஃபில்டர், ஆயில் போன்ற தேய்மானப் பொருட்கள் வராது. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் வாரண்டிதான். சஸ்பென்ஷன் புஷ், ரப்பர் பாகங்களுக்குத் தனி வரம்பு இருக்கும். எலி கடித்த வயர், கலப்பட எரிபொருளால் வந்த சேதம், வெளியில் வயரை வெட்டிப் பொருத்திய மியூசிக் சிஸ்டம் அல்லது லைட்டால் வந்த கோளாறு எதுவும் வராது. எந்த எலக்ட்ரிக்கல் அக்சஸரியும் வயரை வெட்டாமல் கப்ளரில் சொருகும் வகையாக இருக்கட்டும்.

கடைசியாக, விற்பது யாருடைய வாரண்டி என்று பாருங்கள். கம்பெனியின் வாரண்டி இந்தியா முழுவதும் அதன் எல்லா சர்வீஸ் சென்டரிலும் செல்லும். டீலரே அல்லது வேறொரு நிறுவனம் தரும் 'வாரண்டி' அந்த டீலரிடம் மட்டுமே செல்லலாம், க்ளெய்முக்கு மொத்த வரம்பும் இருக்கலாம். பணம் கட்டிய ஓரிரு வாரத்தில் சேசிஸ் எண் போட்ட சான்றிதழ் வர வேண்டும், கம்பெனி ஆப்பிலும் உங்கள் காரின் கணக்கில் முடிவு தேதி தெரிய வேண்டும். தெரியாவிட்டால், வசூலித்த டீலர் கம்பெனிக்குக் கட்டவில்லை என்று சந்தேகப்படலாம். உடனே ரசீதோடு கம்பெனிக்கு எழுதுங்கள்.

நீட்டித்த வாரண்டி இருந்தும் பவர் விண்டோ மோட்டாரை மாற்றித் தர மறுக்கிறார்கள். ஒரு சர்வீஸை இரண்டு மாதம் தாமதமாக, அதுவும் வெளியில் செய்தேன் என்பது காரணமாம். இன்னொன்று: மழைவெள்ளத்தில் இன்ஜின் போனால் இந்த வாரண்டி உதவுமா?
– தனியார் நிறுவன ஊழியர், சென்னை வேளச்சேரி

மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த நிபந்தனையின்படி என்று பிரிவைக் குறிப்பிட்டு. கவுன்டரில் வாயால் மறுத்தவர்கள் எழுதச் சொன்னால் ஏரியா சர்வீஸ் மேனேஜரிடம் பேசிவிட்டு இறங்கிவருவது உண்டு. ஆயில் மாற்றத் தாமதமானதற்கும் ஜன்னல் மோட்டார் போனதற்கும் தொடர்பில்லை என்பது உங்கள் தரப்பில் நியாயமான வாதம். இன்ஜின் பழுதாக இருந்திருந்தால் அந்த வாதம் நிற்காது. சர்வீஸ் ஒழுங்கு நிபந்தனையிலேயே இருக்கிறது. எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் வரை தாமதம் பொறுக்கப்படும் என்று ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும், இனி அதைத் தாண்டாதீர்கள்.

வாரண்டி முடியப்போகும் மாதத்தில் சின்னச் சத்தம் வந்தாலும் ஜாப் கார்டில் (சர்வீஸுக்கு விடும்போது குறைகளை எழுதும் தாள்) எழுதவைத்து நகல் வாங்குங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று பொதுவாக எழுத விடாதீர்கள். 'மூன்றாவது கியரில் இழுக்கும்போது முன்பக்கம் சத்தம்' என்று நீங்கள் சொன்ன சொல்லே அதில் இருக்க வேண்டும். குறை வாரண்டிக் காலத்திலேயே பதிவாகிவிட்டால், பிறகு அதே குறை பெரிதாகும்போது உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

வெள்ளத்துக்கு எந்த வாரண்டியும் உதவாது. 2015லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் மூழ்கியபோது பலருக்கு இது பணம் கட்டும் நேரத்தில்தான் தெரிந்தது. தண்ணீர் ஏர் இன்டேக் வழியாக சிலிண்டருக்குள் போகிறது. காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதை உற்பத்திக் குறையாகக் கொள்ள முடியாது என்பதால் வாரண்டி கிடையாது. ஓட்டுநர் ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று சொல்லி சாதாரண இன்ஷூரன்ஸும் இன்ஜினை விட்டுவிடும். இதற்கென்றே இன்ஷூரன்ஸில் இன்ஜின் ப்ரொடெக்ட் என்று தனி கவர் இருக்கிறது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் இருப்பவர்கள் வேறெதை விட்டாலும் இதை விடக்கூடாது. சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாமல், முடிந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, டோ செய்து கொண்டுபோங்கள்.

மூன்று வருடப் பழைய கார் ஒன்றை நேரடியாக உரிமையாளரிடம் வாங்குகிறேன். அவர் கட்டிய வாரண்டி எனக்கு வருமா? ஏமாற்றினால் எங்கே புகார் செய்வது?
– பேருந்து நடத்துநர், தருமபுரி

கம்பெனி வாரண்டி என்றால் பெரும்பாலும் வரும், ஆனால் தானாக வராது. ஆர்சி உங்கள் பெயருக்கு மாறியதும் அதன் நகலோடு சர்வீஸ் சென்டரில் விண்ணப்பித்து மாற்ற வேண்டும். பணம் கொடுக்கும் முன் சேசிஸ் எண்ணைச் சொல்லி, வாரண்டி நடப்பில் இருக்கிறதா, சர்வீஸ் வரலாறு என்ன என்று கேளுங்கள். ஒரு சர்வீஸ் விடுபட்டிருந்தாலும் நீங்கள் வாங்கும் வாரண்டி வெறும் காகிதமாகலாம். விற்பவரிடமும் சொல்லுங்கள்: பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, பெயர் மாற்றம் முடியும் வரை விபத்து இழப்பீட்டுக்கு அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் விற்ற உடனே தாக்கல் செய்வது இருவருக்கும் நல்லது.

தனிநபர் தன் சொந்தக் காரை விற்பது நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. டீலர், கம்பெனி, வாரண்டி நிறுவனம் மீதான புகாருக்கு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். பல சமயம் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேதான் போக வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், டீலர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். கொட்டேஷன், புக்கிங் படிவம், ரசீதுகள், ஜாப் கார்டுகள், மறுப்புக் கடிதம், வாட்ஸ்அப் பேச்சின் அச்சுப் பிரதி எல்லாம் தேதி வரிசையில் இருந்தால் வக்கீல் இல்லாமலேயே வாதாடலாம், சட்டம் அதை அனுமதிக்கிறது.